கோழிக்கூண்டுக்கு ஒரு கதவு

நாமகிரிப்பேட்டை
19.1.2025

அன்புள்ள அக்கா வெண்ணிலாவுக்கு,

தம்பி செந்தமிழன் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி ஒன்றுதான் குறை, எனக்கு அதுவும் இல்லை. நீயும் வயிற்றில் இருப்பதும் மச்சானும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. உண்மையாக எழுது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ பேசுவதெல்லாம் ஒரு பேச்சா? பொங்கலன்று அம்மா கேட்டாள்: "நல்லா இருக்கியா சாமி?" "ஆமா." "வாந்தி நின்னுச்சா?" "ஆமா." "மாப்ள ஊட்டுல இருக்காரா?" அதற்கும் "ஆமா." உன் மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாதா? வைத்த பிறகும் அம்மா அந்தப் போனைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம். நீ தைக்கப் போகும் ரஞ்சிதா அக்கா கடை முகவரிக்கு அனுப்புகிறேன். நீயும் அங்கிருந்தே எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். கோழிக்கூண்டு கட்டப்போகிறேன். சித்திரையில் வளைகாப்பு முடிந்ததும் உன்னைக் கூட்டி வந்துவிடுவோம். தலைப்பிரசவம் நம் வீட்டில்தான். பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு வேண்டும், பண்ணைக்கோழி ஆகாது என்கிறாள் அம்மா. ராசப்பன் பண்ணையில் முட்டை பொறுக்குகிற எனக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. கூண்டுக் கம்பியைச் சுற்றிக் கோழி நகம் வளர்ந்து கிடப்பதைத் தினமும் பார்க்கிறேன். அதை என் அக்காவுக்குக் கொடுக்கமாட்டேன்.

பொருள் எதையும் கடையில் வாங்குவதாக இல்லை. பண்ணையில் கழித்துப்போட்ட கம்பிவலை இருக்கிறது. ரோட்டை அகலமாக்க இடித்த வீடுகளின் மரச்சட்டம் ஓடைப்பக்கம் கொட்டிக் கிடக்கிறது. கட்டிய அனுபவம் எனக்கு இல்லைதான். கூண்டு கட்டத் தனிப் படிப்பா வேண்டும்?

மச்சானைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
செந்தமிழன்


செவ்வாய்ப்பேட்டை, சேலம்
2.2.2025

தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலம். வாந்தி நிற்கவில்லை. போனில் சொன்னது பொய். அம்மாவிடம் சொல்லிவிடாதே.

உன் கடிதத்தை ரஞ்சிதா அக்கா எடுத்துக் கொடுத்தபோது கடையில் எல்லாரும் சிரித்தார்கள். "யாரு, பழைய காதலனா?" என்று கேட்டார்கள். தம்பி என்றதும் "இந்தக் காலத்துல தம்பி லெட்டர் போடறானா!" என்று அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து ரொம்ப நாளாகிறது.

இந்த வீட்டில் எல்லாரும் நல்லவர்கள்தான். உன் மச்சான் தீனதயாளன் மளிகைக் கடையிலிருந்து வரும்போது எனக்கென்று தனியாகக் கடலைமிட்டாய் வாங்கி வருகிறார். அதை யார் கண்ணிலும் படாமல் தின்ன எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. சித்திரை எப்போது வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒப்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அம்மா பக்கத்தில் படுக்க வேண்டும்போல் இருக்கிறது.

கூண்டைத் தரையோடு கட்டாதே, கீரி தோண்டும். நீ ஆணி அடித்து நான் பார்த்ததில்லை. விரலைப் பார்த்து அடி.

அம்மா முழங்கால் வலியோடு காலையில் ஓடைப்பக்கம் போகிறாளா? பக்கத்தில் யாரையாவது துணைக்குக் கூட்டிக்கொள்ளச் சொல்.

அக்கா
வெண்ணிலா


நாமகிரிப்பேட்டை
23.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். வாந்தி இப்போதாவது நின்றதா என்று எழுது. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆனால் அவள் எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

ஓடைப்பக்கம் போகவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "விறகு நான் கொண்டாரேன், நீ போகாத" என்றேன். அம்மா சரி என்றாள்.

கூண்டு வேலை பாதி முடிந்தது. நட்ட கால்கள் முதல் காற்றிலேயே சாய்ந்துவிட்டன. குழி ஆழம் போதவில்லையாம். இரண்டாம் முறை கல் போட்டு இறுக்கினேன். அடியில் கம்பிவலை விரித்தேன், கோழிக்குக் கால் வைக்க முடியவில்லை. அதன்மேல் பலகை போட்டேன். கூரைக்கு ஒரு காதுகுத்து பிளெக்ஸ் கிடைத்தது. மொட்டைத்தலையோடு ஒரு குழந்தை வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. மழைக்குத் தாங்கும்.

கதவுக்குத்தான் அலைந்தேன். பழைய இரும்புக் கடையில் கிடைத்ததெல்லாம் துரு. அப்புறம்தான் நம் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு தகரக் கதவு சும்மா நிற்பது கண்ணில் பட்டது. அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூஸ் கதவு. நீ பன்னிரண்டாவது படிக்கும்போது கட்டியது. ஒப்பந்தக்காரன் அம்மாவை அதன் முன்னால் நிற்கவைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி, தண்ணீர் வந்ததா, ஒன்றா? இத்தனை வருஷமாக விறகு அடுக்கத்தான் ஆகிறது. விறகுக்கு எதற்குக் கதவு? கழற்றிவிட்டேன். அம்மாவைக் கேட்டுத்தான் கழற்றினேன். போய்த் தாழ்ப்பாளை ஒரு தடவை போட்டு எடுத்தாள். அப்புறம் "பாப்பாவுக்குத்தான, எடுத்துக்க சாமி" என்றாள்.

கதவில் நீலப் பெயிண்டில் 'சின்னாயி க/பெ வீரன்' என்று எழுதியிருக்கிறதல்லவா? இப்போது கூண்டுக்கு அம்மா பெயர். பக்கத்து வீட்டு முத்தாயம்மாள் வேலியோரம் நின்று, "ஏன்டா செந்தமிழா, மனுசருக்குக் கக்கூஸ் இல்லாத ஊருல கோழிக்குக் கக்கூஸ் கட்டியிருக்கியே, நீ மவராசன்டா!" என்று கத்தினாள். காலனியே சிரித்தது. நானும்தான். நம் அரசாங்கத்தைப் பற்றி இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் ஊருக்காக நான் எழுதிக் கொடுக்கிற மனுவில் இதை எழுதலாம் என்று இருக்கிறேன்.

நாலு பெட்டையும் ஒரு சேவலும் வந்துவிட்டன. உன் பிரசவத்துக்குள் குஞ்சுகளும் பெரிதாகிவிடும்.

தம்பி
செந்தமிழன்


செவ்வாய்ப்பேட்டை
16.3.2025

தம்பிக்கு,

இங்கே யாருக்கும் குறை இல்லை. உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எழுத உட்காருவேன், ஏதாவது வேலை வந்துவிடும்.

அந்தக் கதவை எடுக்காமல் வேறு கிடைத்திருக்காதா? வெல்டிங் பட்டறையில் கேட்டால் துண்டுத் தகரம் தருவார்களே. முடிந்தால் திரும்ப மாட்டிவிடு. விறகு நனையும்.

அம்மா உண்மையில் என்ன சொன்னாள்? நீ கழற்றும்போது பக்கத்தில் இருந்தாளா?

ஓடைப்பக்கம் என்று நான் கேட்டது விறகுக்கு இல்லை. சரி, விடு.

வாந்தி நின்றுவிட்டது. இது உண்மை.

வெண்ணிலா


நாமகிரிப்பேட்டை
30.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வாந்தி நின்றது கேட்டு அம்மா குலசாமிக்குத் தேங்காய் உடைத்தாள். அவளும் நானும் சௌக்கியமே. கோழிகளைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியாது.

விறகு நனைவதைப் பற்றி நீ ஏன் இவ்வளவு கவலைப்படுகிறாய்? பங்குனி வெயிலில் எந்த மழை வரப்போகிறது? கதவை இனிமேல் எடுக்க முடியாது, கீல் வைத்து முறுக்கியாகிவிட்டது. உள்பக்கம் இருந்த தாழ்ப்பாளையும் கழற்றி வெளிப்பக்கம் வைத்துவிட்டேன். அம்மா அப்போது அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை.

என் முட்டாள்தனத்தைக் கேள். கீரிக்குப் பயந்து கூண்டை இம்மியும் இடைவெளி இல்லாமல் அடைத்துவிட்டேன். தகரக் கதவு, மேலே பிளெக்ஸ், பக்கத்தில் பலகை. மத்தியான வெயிலுக்குக் கோழிகளை உள்ளே விட்டுச் சாத்திவிட்டுப் பண்ணைக்குப் போனேன். வந்து திறந்தால் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு மூச்சிரைக்கின்றன. ஒரு பெட்டை செத்துக் கிடந்தது. பண்ணையில் ஆயிரக்கணக்கில் கோழி இருக்கிறது, மின்விசிறியும் தண்ணீர்த் தூவலும் இருக்கிறது. காற்று வேண்டும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

உடனே பட்டறையில் கட்டர் வாங்கி வந்து கதவின் நடுவில் ஒரு முழம் அகலத்துக்கு வெட்டி வலை வைத்துவிட்டேன். அம்மா பெயரில் 'யி'யும் அப்பா பெயரில் பாதியும் போய்விட்டன. இப்போது காற்று நன்றாக வருகிறது.

வளைகாப்பு ஏப்ரல் இருபத்தேழு ஞாயிறு என்று மச்சான் போனில் சொன்னார். என் கூட்டாளி வேலுமணி வேன் தருகிறான். அம்மா கட்டுச்சோறு வகையெல்லாம் யோசித்துவிட்டாள். அன்றைக்கே உன்னைக் கூட்டி வருகிறோம். உன்னைக் கொண்டுவந்து விட வரும் உன் மாமியாருக்கும் நாத்தனார் அபிநயாவுக்கும் நம் வீட்டில்தான் ராத்திரிச் சாப்பாடு. கோழி அடிக்கவா, ஆடா என்று கேட்டு எழுது.

செந்தமிழன்


செவ்வாய்ப்பேட்டை
13.4.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். அம்மாவின் முழங்காலுக்கு இங்கிருந்து தைலம் அனுப்பியிருக்கிறேன், சூடு காட்டித் தேய்க்கச் சொல்.

பிரசவத்துக்கு அங்கே வருவதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. டாக்டர் அதிகம் அலையவேண்டாம் என்கிறார். நம் ஊர் ரோடு வேறு வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அவசரம் என்றால் இங்கே ஆஸ்பத்திரி பக்கம். அத்தையும் இங்கேயே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறார்.

அத்தையும் அபிநயாவும் அன்று அங்கே வரவேண்டாம். நீங்கள் மட்டும் வளையல் போட்டுவிட்டுப் போங்கள். ஆடு, கோழி எதுவும் வேண்டாம்.

கோபப்படாதே.

அக்கா


நாமகிரிப்பேட்டை
28.4.2025

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேற்று உன்னை நேரில் பார்த்தேனே, நன்றாகத்தான் இருக்கிறாய்.

டாக்டர், ரோடு என்று நீ எழுதியதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை. நேரில் பார்த்தால் வந்துவிடுவாய் என்று நம்பினேன். கை நிறைய வளையல் போட்டாகிவிட்டது. அம்மா உன் துணிப்பையை எடுத்துவரச் சொல்கிறாள். நீ தரையைப் பார்த்துக்கொண்டு "நான் வரலைம்மா" என்கிறாய். உன் மாமியார் சத்தமாகக் கேட்டார்: "ஏங்க சம்பந்தி, பெத்த வீட்டுக்கே பொண்ணு வரமாட்டேங்குதே, என்ன சங்கதி?" அத்தனை பேரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று நீ பார்த்தாயா? நான் பார்த்தேன். "பாப்பாவுக்கு எங்க வசதியோ அங்க இருக்கட்டுங்க" என்றாள். வேனில் திரும்பும்போது கட்டுச்சோறு கொண்டுபோன குண்டாக்களை மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். வேலுமணி பாட்டுப் போடப் போனான், நான் நிறுத்தச் சொன்னேன்.

நேராகவே கேட்கிறேன். செவ்வாய்ப்பேட்டை மருமகளுக்குக் காலனி நாறுகிறதா? டைல்ஸ் போட்ட வீட்டில் நடந்த காலுக்கு மண் தரை ஆகாதா? நம்மை வெளியே நிறுத்துகிறவர்களைப் பற்றி ஊர் ஊராக நான் பேசிக்கொண்டு திரிகிறேன். என் அக்காவே எங்களை வெளியே நிறுத்துவாள் என்று தெரியாமல் போய்விட்டது. உன் மாமியாரும் நாத்தனாரும் மறுபடி நம் வீட்டு வாசலை மிதித்துவிடக் கூடாது என்றுதானே அவர்களை வரவேண்டாம் என்று எழுதினாய்? வெட்கமாக இருக்கிறதா உனக்கு, எங்களை நினைத்தால்?

உனக்காகக் கட்டிய கூண்டில் நாலு கோழி நிற்கிறது. விற்றுவிடலாமா என்று அம்மாவைக் கேட்டேன். "இருக்கட்டும் சாமி" என்கிறாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை.

செந்தமிழன்


செவ்வாய்ப்பேட்டை
8.6.2025

தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். குழந்தை நன்றாக இருக்கிறது, உதைக்கிறது. எனக்குக் கால் வீங்கியிருக்கிறது. இனி தையல் கடைக்கு வர முடியாது, இன்றுதான் கடைசி. ரஞ்சிதா அக்கா முன்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி உன் கடிதத்தை அவரே வீட்டில் கொண்டுவந்து கொடுப்பார்.

நீ கேட்டாய், வெட்கமாக இருக்கிறதா என்று. ஆமாம். ஆனால் மண் தரைக்காக இல்லை.

அந்தக் கக்கூஸை யாரும் பயன்படுத்தவில்லை என்று எழுதினாயே, நீ பயன்படுத்தவில்லை. நீ ஆம்பிளை. நினைத்த இடத்தில் திரும்பி நின்றுகொள்வாய். நானும் அம்மாவும் அந்த விறகுக்குப் பின்னால்தான் குளித்தோம். தீட்டுத் துணி மாற்றியது அங்கேதான். ஒன்றுக்குப் போனதும் அங்கேதான். நீயும், அப்பா இருந்தவரை அவரும், வெளியே போகும்வரை காத்திருந்து போவோம். மற்றதற்கு விடிவதற்குள் ஓடைக்கரை. ஓடைப்பக்கம் என்று நான் கேட்டதற்கு அர்த்தம் அது. இருபத்திநாலு வயசு ஆகிறது உனக்கு, விறகு என்று எழுதினாய். போன வருஷம் பண்ணையில் ஓடைக்கரை நெடுகக் கேமரா கம்பம் நட்டோம், இனி ஒரு தேங்காய் திருட முடியாது என்று சந்தோஷமாகச் சொன்னாயே. நீதான் குழி தோண்டினாய். அதன் பிறகு அம்மா எங்கே போகிறாள் என்று ஒரு நாளாவது நினைத்தாயா?

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்று எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். யாரும் கனைக்கவில்லை. யாரும் டார்ச் அடிக்கவில்லை. அங்கேயே நின்று அழுதேன். உன் மச்சானுக்குக்கூடத் தெரியாது.

பெண் பார்க்க வந்தபோது அத்தை கக்கூஸ் எங்கே என்று கேட்டார். "கதவு பூட்டிருக்குங்க, சாவி தம்பிகிட்ட இருக்கு" என்று அம்மா பொய் சொன்னாள். அந்தக் கதவு இருந்ததால்தான் அந்தப் பொய்யைச் சொல்ல முடிந்தது. நான் பிரசவத்துக்கு வருவதற்குள் விறகை எடுத்துவிட்டு, நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, வாளி, சாம்பல் எல்லாம் அதற்குள் வைத்துவிடலாம் என்று கார்த்திகைத் தீபத்துக்கு நான் வந்தபோதே நானும் அம்மாவும் பேசி வைத்திருந்தோம். எட்டு மாத வயிற்றோடு என்னால் ஓடைக்கரையில் உட்கார முடியாது. பிள்ளை பெற்ற உடம்போடும் முடியாது. நீ கதவைக் கழற்றினாய். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றினாய். அப்புறம் நடுவில் ஜன்னலும் வெட்டினாய். காற்று வரட்டும் என்று. கோழிக்கு.

இதைத் தம்பியிடம் எப்படி எழுதுவது? அம்மா உன்னிடம் எப்படிச் சொல்லுவாள்? அத்தை வந்தால் கூண்டில் நிற்கும் கதவில் அம்மா பெயரைப் படிப்பார், செவ்வாய்ப்பேட்டை முழுக்கச் சிரிக்கும். அதனால்தான் வரமாட்டேன் என்றேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது.

வெண்ணிலா


நாமகிரிப்பேட்டை
15.6.2025

அக்கா,

கடிதம் வந்தது. கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்கிறாள் அம்மா.

நடந்ததை எழுதுகிறேன்.

நேற்றுச் சாப்பிடும்போது கேட்டேன். "அம்மா, ராத்திரியில நீ ஏன் சோறு திங்கறதில்ல?"

"பசிக்கறதில்ல சாமி."

"தண்ணியாச்சும் குடி."

"குடிச்சா எந்திரிக்கணும்ல."

அவ்வளவுதான் சொன்னாள். என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

கேமராவுக்குப் பயந்து ரோட்டைத் தாண்டி அந்தப்பக்கத் தரிசுக்குப் போகிறார்களாம். அம்மா, முத்தாயம்மாள், எல்லாரும். லாரி வெளிச்சம் அடித்தால் எழுந்து நிற்பார்களாம், போனதும் உட்காருவார்களாம். முத்தாயம்மாளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். "இப்பத்தான் கேக்கத் தோணுச்சா மவராசா?" என்றாள். அன்றைக்குச் சிரித்த மாதிரிச் சிரிக்கவில்லை.

காலையில் போய்க் கக்கூஸ் பின்னால் இருந்த சிமெண்டு மூடியைக் கடப்பாரையால் நெம்பினேன். குழி இருக்கும், தண்ணீர்தான் இல்லை என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மூடிக்கு அடியில் மண். வெறும் மண். குழியே தோண்டவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்தவன் நான். என் கொல்லையில் இருந்த மூடியை ஒரு தடவை தூக்கிப் பார்த்ததில்லை.

வேலுமணியும் நானும் தோண்ட ஆரம்பித்திருக்கிறோம்.

செந்தமிழன்


செவ்வாய்ப்பேட்டை
3.7.2025

தம்பிக்கு,

உடம்பு பரவாயில்லை. இந்த மாதம் நடுவில் ஆகிவிடும் என்கிறார்கள்.

பிரசவம் இங்கேதான். முடிவாகிவிட்டது, அதைப் பற்றி இனி எழுதாதே. "பொறந்த வீட்டுல வச்சுப் பாக்க வக்கில்லாம எங்க தலைல கட்டிட்டாங்க" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் கேட்டுக்கொள்கிறேன். உண்மைக் காரணத்தைச் சொல்வதைவிட இது எனக்குச் சுலபமாக இருக்கிறது.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் உனக்கு எழுதியதை மனுவாக எழுதிக்கொண்டு எங்கும் போகாதே. மேடையில் பேசாதே. 'என் அக்கா' என்று ஆரம்பித்தாயானால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன். தோண்டுவதைத் தோண்டு.

தாழ்ப்பாளை உள்பக்கம் வை. அம்மா கைக்கு எட்டும் உயரத்தில் வை, உன் உயரத்துக்கு வைக்காதே. எழுந்திருக்கப் பிடிமானத்துக்குச் சுவரில் ஒரு கம்பி வேண்டும்.

வெண்ணிலா


நாமகிரிப்பேட்டை
10.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளையின் தொப்புள் ஆறிவிட்டதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆஸ்பத்திரியில் பார்த்தபோது என்னிடம் நீ அதிகம் பேசவில்லை. பிள்ளையை என் கையில் கொடுத்தாய், அது போதும். நான் ஒயர் கூடையில் கொண்டுவந்த பெட்டைக்கோழியை உன் மாமியார் அடித்துச் சாறு வைத்துத் தந்தாரா, தெரியவில்லை. அதையும் கேட்கமாட்டேன்.

குழி தோண்டிச் சிமெண்டு உறை இறக்கி முடித்துவிட்டோம். பாறை வந்துவிட்டதால் நாளாகிவிட்டது. கூண்டிலிருந்து கதவைக் கழற்றினேன். நான் வெட்டிய ஓட்டைக்கு எண்ணெய் டின்னைப் பிரித்துத் தகடு அடித்தேன். கண்ணுக்கு நன்றாக இல்லை. வெளிச்சம் உள்ளே வருகிறதா என்று வேலுமணியை உள்ளே நிறுத்தி, வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். வரவில்லை. தாழ்ப்பாள் அம்மா தோள் உயரத்தில் இருக்கிறது. கம்பியும் வைத்தாகிவிட்டது. தண்ணீருக்கு டிரம், அதை நிரப்புவது என் வேலை.

கோழிகள் கூண்டுக்குள் போவதே இல்லை. பொழுது சாய்ந்தால் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கின்றன. எனக்கு முன்னமே யாராவது சொல்லியிருக்கலாம். கூண்டில் விறகு அடுக்கியிருக்கிறேன்.

முத்தாயம்மாள் ஒரு நாள் வந்து திறந்து பார்த்தாள். சுவர்க் கம்பியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் மகளோடு வந்து, "நாங்களும் வந்துக்கலாமா சாமி?" என்று அம்மாவிடம் கேட்டாள், என்னிடம் கேட்கவில்லை. அவர்கள் வீட்டிலும் மூடியைத் தூக்கினோம். மண்தான். காலனியில் எல்லா வீட்டு மூடியையும் தூக்க வேண்டும். மனு கொடுப்பேன். அதில் உன் பெயர் இருக்காது, நாமகிரிப்பேட்டை மண் மட்டும்தான் இருக்கும்.

வா என்று எழுதமாட்டேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு எப்போது வரும் என்று நீதான் சொல்ல வேண்டும்.

இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்த அன்று அம்மா போகவில்லை. புதுசு, அழுக்காகிவிடும் என்றாள். மறுநாளும் ரோட்டுக்கு அந்தப்பக்கம்தான். நேற்றுச் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, சொம்பை எடுத்துக்கொண்டு போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் வேலிப்பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டேன். நேரமாயிற்று. வரவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டு எழ முடியாமல் கிடக்கிறாளோ என்று பயமாகிவிட்டது. கிட்டே போய்க் கூப்பிட்டேன்.

"அம்மா?"

"இருக்கேன் சாமி."

"கால் புடிச்சுக்கிச்சா?"

"இல்ல. அப்பவே முடிஞ்சுது. சும்மாதான் உக்காந்திருக்கேன்."

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து அவளே கேட்டாள்.

"யாரும் வரமாட்டாங்கல்ல?"

வரமாட்டார்கள் என்று சொன்னேன். அப்புறம்தான், நான் அங்கே நிற்பதே தப்பு என்று பட்டது. போய்விட்டேன்.

தம்பி
செந்தமிழன்